லைப்சிக் கிறிஸ்துமஸும் ஒரு கட்டு மஞ்சப்பையும்

ஜெர்மனியின் லைப்சிக்கில் எங்கள் முதல் கிறிஸ்துமஸ் 2018-ல். தரங்கம்பாடி பக்கத்துப் பொறையாறிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பரில் இங்கே மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். மகளுக்கு அப்போது நாலு வயது. "தாத்தா வீட்டுக்குப் போலாம்" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனது வாடக் கூடாது என்று கையிலிருந்த பணத்துக்கெல்லாம் பொருள் வாங்கினோம். ஆறடி பிளாஸ்டிக் மரம், ஜிகினா மாலைகள், மினுமினுக்கும் தாளில் சுற்றிய பதினோரு பரிசுகள்.

இங்கே 24-ஆம் தேதி மதியத்தோடு கடைகளை மூடிவிடுவார்கள். 25, 26 இரண்டும் விடுமுறை. பஞ்சம் வரப்போவது போல எல்லோரும் வண்டி வண்டியாக வாங்குவதைப் பார்த்து நாங்களும் வாங்கினோம். நண்பர்கள் வருவார்கள் என்று இரண்டு கிலோ கறி எடுத்து பிரியாணி செய்தேன். அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பாதி பிரியாணியை 27-ஆம் தேதி குப்பையில் கொட்டினேன். பிரியாணியைக் குப்பையில் கொட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதே நாளில்தான் கீழ்வீட்டு அம்மாவோடு முதன்முதலாகப் பேசினேன். எழுபது வயதைத் தாண்டியவர். பரிசு சுற்றிய தாள்களைக் காகிதத்துக்கான நீலத் தொட்டியில் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தாளை எடுத்து மெதுவாகக் கிழித்துக் காட்டினார். கிழிந்த ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தோல் தெரிந்தது. இது காகிதமில்லை, மற்ற குப்பையோடுதான் போக வேண்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. என்னோடு நின்று ஒவ்வொரு தாளாகப் பிரித்தும் கொடுத்தார். பதினோரு பரிசில் நீலத் தொட்டிக்குத் தேறியது மூன்று தாள்.

அன்றிரவு ஊர் நினைப்பு அதிகமாக வந்தது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். தரங்கம்பாடிக் கரையோரம் சவுக்குத் தோப்புக்குக் குறைவில்லை. அப்பா ஒரு கிளையை வெட்டி வந்து மணல் நிரப்பிய வாளியில் நட்டு வைப்பார். புது வருஷம் முடிந்ததும் அது மிளாறாகி அடுப்புக்குப் போய்விடும். ஸ்டாருக்கு மூங்கில் சிம்பு, வண்ணத்தாள், மைதாப் பசை. சிம்புக் கூட்டை மட்டும் பரணில் பத்திரப்படுத்தி, அடுத்த டிசம்பரில் புதுத் தாள் ஒட்டுவார். அந்தக் கூட்டுக்கு என் தம்பியைவிட வயது அதிகம். பலகாரத்தட்டு தெரு முழுக்கப் போகும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் வந்த தட்டுகளுக்குப் பதில் அது. எதுவும் மிஞ்சாது. சுற்றுச்சூழல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. கைக்கு எட்டியதை வைத்துப் பண்டிகை செய்தோம், அவ்வளவுதான்.

அப்படி வளர்ந்த நான் புது நாட்டுக்கு வந்த நாலே மாதத்தில் மூன்று மூட்டை குப்பை சேர்த்தேன். 'நாங்களும் நன்றாக இருக்கிறோம்' என்று ஊருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் அதில் பாதி உண்டு. வெளிநாட்டில் முதல் வருஷம் இருப்பவர்களுக்கு இது புரியும்.

மறு வருஷம் அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரக் காலம்) முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு பழைய தகர டப்பா, உள்ளே மசாலா மணக்கும் தேன் ரொட்டி. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். புல்ஸ்னிட்ஸ் என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. தரங்கம்பாடியில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியாமல் இருக்காது. 1706-ல் எங்கள் கடற்கரையில் வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட மிஷனரி சீகன்பால்கு பிறந்த ஊர் அது. இந்த ரொட்டிக்குப் பேர்போன ஊர் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சீகன்பால்கு படித்த ஹாலே நகரம் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்கூட இல்லை என்று கீழ்வீட்டு அம்மாவுக்குச் சொன்னேன். எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

போகும்போது, டப்பாவைத் திருப்பித் தர மறக்காதே, அது என் அம்மாவுடையது என்றார். வெறும் டப்பாவை எப்படிக் கொடுப்பது? அச்சு முறுக்கு சுட்டு நிரப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த டப்பா வருஷத்துக்கு ஒரு முறை மாடிக்கும் கீழுக்குமாகப் போய்வருகிறது.

அவர் வீட்டு ஜன்னலில் ஒரு காகித ஸ்டார் தொங்கும். ஹெர்ன்ஹுட் ஸ்டார் என்பார்கள். மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையினர் நீஸ்கி என்ற ஊரில் நடத்திய விடுதிப் பள்ளியில், சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்க உண்டானது. மிஷனரிகளாகக் கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகளும் அந்தச் சபையின் பள்ளிகளில்தான் தங்கிப் படித்தார்கள். 25 முனைகள்: நாற்கோண அடி உள்ளவை 17, முக்கோண அடி உள்ளவை 8. ஜனவரியில் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்துவிடுவார்கள். அட்வெந்து வந்ததும் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து மறுபடி கோர்ப்பார்கள். கீழ்வீட்டு ஸ்டாரில் இரண்டு முனைகள் நிறம் மங்கி, ஒட்டுப்போட்டு இருக்கின்றன. மாற்றுமுனை கிடைக்கும், ஆனால் அந்த இரண்டையும் அவருடைய மகன் சின்ன வயதில் ஒட்டியிருக்கிறான், அதனால் மாற்றவில்லை என்றார். பரணிலிருந்து இறங்கும் எங்கள் மூங்கில் கூடு கண்ணுக்குள் வந்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டோம். பிளாஸ்டிக் மரத்தை என்ன செய்வது என்று நிறைய யோசித்தேன். ஜெர்மனியில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட நிஜ மரங்கள் விற்கின்றன. பெரும்பாலும் நார்ட்மான் ஃபிர் வகை. ஜார்ஜியா நாட்டின் மலைக்காடுகளில் உயரமான மரங்களில் ஏறிப் பறிக்கும் காய்களிலிருந்து விதை வருகிறது. ஆளுயரம் வளரப் பத்து வருஷம் போல ஆகும். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பின் கணக்குப்படி இரண்டு மீட்டர் செயற்கை மரத்தால் வரும் கரியமில வாயு சுமார் 40 கிலோ. நிஜ மரத்தைக் கடைசியில் எரித்தாலோ தூளாக்கினாலோ 3.5 கிலோ. அதையே குப்பை மேட்டில் மக்க விட்டால் மீத்தேன் கிளம்பி 16 கிலோவாகிவிடும். சரி, எங்களுடையது ஏற்கெனவே வாங்கிய மரம். தூக்கிப்போட்டுவிட்டு நிஜ மரம் வாங்கினால் அந்த 40 கிலோ வீணாகும். பத்துப் பன்னிரண்டு வருஷமாவது நிறுத்தினால்தான் அதற்கு நியாயம் செய்ததாகும். இதுவரை ஆறு முறை நிறுத்தியிருக்கிறோம். ஒரு கிளை உடைந்ததைக் கணவர் கம்பி வைத்துக் கட்டினார். ஜிகினாவை மட்டும் எடுத்துவிட்டு, வைக்கோல் நட்சத்திரம் செய்து மாட்டுகிறோம். மகளுக்குக் கீழ்வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்தது.

நாங்கள் போகும் சபையில், தழையும் மெழுகுவர்த்தியும் வைக்கும் அட்வெந்து வளையம் செய்யும் வேலையில் நானும் சேர்ந்தேன். இந்த வளையத்தை 1839-ல் ஹாம்பர்க்கில் விஷெர்ன் என்ற போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கினார், அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய வண்டிச்சக்கரம் என்று அங்கே சொன்னார்கள். எங்கள் சபையிலும் அதே இரும்பு வளையம்தான் வருஷாவருஷம். தழை, யாராவது தோட்டத்தில் கழித்துப்போட்ட கிளை. மெழுகுவர்த்தி மிச்சங்களைச் சேர்த்து உருக்கிப் புதிது வார்க்கிறோம்.

சந்தையிலும் ஒரு பழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. 1458-ஆம் ஆண்டிலிருந்து வருகிறது என்று லைப்சிக்காரர்கள் பெருமைப்படும் கிறிஸ்துமஸ் சந்தை அது. சூடான பானம் பீங்கான் குவளையில் தருவார்கள். குவளைக்குத் தனியாக முன்பணம், திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பிவிடும். அவ்வளவு கூட்டத்திலும் காகிதக் கப் மலையாகக் குவிவதில்லை.

பரிசு சுற்றும் தாளுக்கு வழி சொன்னது எங்கள் அம்மா. 2022 கோடையில் ஊருக்குப் போயிருந்தோம். அதற்கு முந்தின டிசம்பரில்தான் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. கல்யாணத் தாம்பூலப் பைகள் பீரோவில் நிறையக் கிடந்தன. "தாள் வாங்கிக் கிழிச்சிப் போடறதுக்கு இதுல வச்சுக் குடேன்" என்று ஒரு கட்டைப் பெட்டியில் வைத்துவிட்டார். இப்போது எங்கள் மரத்தடியில் மஞ்சப்பைகள்தான். ஒவ்வொன்றிலும் ஒரு மணமக்கள் பெயர், ஒரு மண்டபம், ஒரு தேதி. எந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று மகள் கேட்பாள், நான் சொல்வேன். இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் ஆறு குடும்பமும் சீட்டுப்போட்டு ஆளுக்கு ஒரு பரிசுதான் கொடுத்துக்கொள்கிறோம். பழைய பொருளாகவும் இருக்கலாம். பை அடுத்த வருஷம் வேறு யார் வீட்டிலிருந்தாவது திரும்பி வரும்.

சாப்பாட்டுக்கு இங்கத்துக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். 24 இரவு நிறைய வீடுகளில் உருளைக்கிழங்கு சாலடும் சாஸேஜும்தான். பிரியாணி 25 மதியம் மட்டும், தலைக்கணக்கு எடுத்த பிறகு.

ஒன்று மட்டும் இன்னும் மனதை அறுக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை போய்வர சுமார் 15,000 கிலோமீட்டர். ஒரு ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு. ஒரு டன் என்று வைத்தாலே 25 பிளாஸ்டிக் மரங்களுக்குச் சமம், நாங்கள் மூன்று பேர். வைக்கோல் நட்சத்திரமும் மஞ்சப்பையும் இந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே வராது. அது தெரிந்தும் தெரியாதது போல என்னால் இருக்க முடியவில்லை. 2019 கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் போய் ஓடி வந்தோம். அதன்பின் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, கோடை விடுமுறை ஆறு வாரமும் முழுதாகத் தங்குவது என்று முடிவெடுத்தோம். வரும் ஜூலையில் போகிறோம். ஆனால் கிறிஸ்துமஸ் ஊரில் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நான் இருக்கறதுக்குள்ள உன்னோட எத்தனை கிறிஸ்துமஸ்டி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை இல்லை. முடிவு சரியென்றுதான் நினைக்கிறேன். அந்தக் கேள்வியும் சரிதான்.

இந்த 24-ஆம் தேதி அப்பா போனை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஸ்டாருக்குத் தாள் ஒட்டியதைக் காட்டினார். எங்கள் பக்கம் மகள் ஹெர்ன்ஹுட் ஸ்டாரின் இருபத்தைந்தாவது முனையை மாட்டிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அம்மாவுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய பை இன்று காலை திரும்பி வந்து சேர்ந்தது. என் சித்தி மகள் கல்யாணப் பை, துவைத்து இஸ்திரி போட்டிருந்தார். உள்ளே ஒரு ஜாடி சீமைமாதுளை ஜாம். பழையபடி ஜாடி திரும்ப வேண்டும் என்று மூடியில் ஒரு சீட்டு. மேஜையில் ஆறு எலுமிச்சம்பழம் இருக்கிறது, ஊறுகாய்க்கு உப்பு போட்டுக்கொண்டிருக்கிறேன்.