நடைபவனிக்கு முன்னால் போன வில்லிஸ் ஜீப்

வன்னியில், கனகராயன்குளத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நடைபவனியில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போனது எங்கள் வீட்டு வில்லிஸ் ஜீப். படங்களைப் பார்த்த பலர், தங்கள் வளவிலும் இப்படியொன்று கிடக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஜீப் என்று பாருங்கள். முன் கிறிலில் ஒன்பது பிளவு இருந்தால் போர்க்கால வண்டி. ஏழு என்றால் போருக்குப் பிறகு பொதுமக்களுக்காகச் செய்த சீஜே வகை. 1941க்கும் 1945க்கும் இடையில் வில்லிஸ், போர்ட் என்ற இரண்டு கொம்பனிகளும் ஒரே வரைபடத்தை வைத்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தன. ரேடியேற்றருக்குக் கீழே செசியின் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ். எங்களுடையது அப்படித்தான்.

போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை வவுனியாவில் அமைத்த ஓடுதளத்தில் நின்ற ஜீப் இது, போர் முடிந்து விற்றபோது கைமாறி வந்தது என்று அப்பப்பா சொல்லுவார். இலங்கை வாகனங்களின் எண் தகட்டில் பிறகு வந்த ஸ்ரீ எழுத்து இதில் இல்லை. ஸ்ரீ வருவதற்கு முந்தைய இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. வயலுக்கும் காட்டுக்கும் ஓடிய வண்டி, 90களில் பெற்றோல் தடை வந்தபோது மண்ணெண்ணெயில் ஓடியது. சேலைன் குழாயால் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 6.48 மட்டுமே. அவ்வளவு குறைவாக இருந்ததால்தான் அது மண்ணெண்ணெயைத் தாங்கியது. 2008இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எஞ்சின் கழற்றிய நிலையில் பாலை மரத்தடியில் விட்டுவிட்டுப் போனோம். ஓடியிருந்தால் கூடவே கொண்டுபோயிருப்போம். அப்படிக் கொண்டுபோன வாகனங்கள் முள்ளிவாய்க்காலில் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்ததை எல்லோரும் கண்டோம். மீள்குடியேறி வந்தபோது ரயரும் சீற்றும் இல்லை. செசியும் கழற்றி வைத்த எஞ்சினும் அப்படியே இருந்தன.

பத்திர வேலையை எஞ்சினுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள், அதுதான் இழுபடும். பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பொலிஸ் முறைப்பாடு, சத்தியக்கடதாசி, கிராம அலுவலரின் கடிதம், செசி எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதி எல்லாவற்றையும் கொடுத்து மறுபிரதி எடுத்தோம். ஓர் அலுவலகத்தில் இது இராணுவ வாகனமா என்று கேட்டுக் கோப்பைக் கன நாள் நிறுத்தி வைத்தார்கள். அப்பப்பாவின் பெயரில் இருந்த பழைய வருமான அனுமதிப்பத்திரம் ஒன்று அம்மாவின் தகரப் பெட்டிக்குள் இருந்து வந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. உங்கள் வீட்டிலும் பழைய கடதாசி எதையும் எறியாதீர்கள்.

எஞ்சின் வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. வால்வுகள் பிஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வகை. மேலே இருக்கும் ஹெட் வெறும் மூடிதான். மண்ணெண்ணெய்க் கரி ஏறி வால்வுகள் இறுகியிருந்தன. கிளிநொச்சியில் பழைய மெசி பேர்குசன் டிராக்டர்களோடு வாழ்கிற மெக்கானிக் அண்ணை ஒருவர் கழற்றி, பேஸ்ட் போட்டு உரசிப் பொருத்தினார். ரிங், பெயரிங் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் மஹிந்திராவுக்கென்று விற்கிறவைதான். இந்தியாவில் மஹிந்திரா செய்ததும் வில்லிஸின் அதே வழிதானே. 6 வோல்ட் மின்சாரத்தை 12க்கு மாற்றி, கொயிலையும் பல்புகளையும் புதிதாகப் போட்டோம். பிறேக்குக்கு மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். வீல் சிலிண்டர், கப், குழாய் அத்தனையும் மாற்றுங்கள். பின்னால் பிள்ளைகள் நடந்து வருவார்கள்.

அடுத்தது நிறம். இதில்தான் நாங்கள் கூடுதலாக யோசித்தோம். பழைய வாகனம் சேர்க்கிறவர்கள் பிறந்த நிறத்தை மாற்றாதே என்பார்கள். மங்கிய இராணுவப் பச்சை, பொனற்றில் வெள்ளை நட்சத்திரம். காட்சிக்கு வைக்கிற வண்டிக்கு அது சரி. பெயின்ற் செய்கிற பெடியன் ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்தப் பச்சையை அடித்துக் காட்டினான். அப்போது அடுத்த வளவு மாமி வந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக 2017இலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் இருக்கிற தாய்மாரில் அவரும் ஒருவர். “தம்பி, உந்த நிறத்தை எங்கட ஒழுங்கைக்குள்ள கொண்டுவராதை” என்றார். “சரி மாமி” என்றேன். அன்றைக்கே சுரண்டி எடுத்தோம். நடைபவனி வீட்டுப் படலைகளைக் கடந்து போகிறது. படலையில் நிற்கிற ஒரு தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த வண்டியைக் கொண்டுபோய் என்ன பயன்? பள்ளிக்கூடக் கொடியின் நீலமும் வெள்ளையும் அடித்தோம். ரிம்முக்கு வெள்ளை, பின்பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு குழாய்க் கைபிடி. பொலிஸ் அணிவகுப்புகளில் அதிதி நின்றபடி போகிற ஜீப்பில் இருப்பதுபோலத்தான், ஆனால் எங்கள் ஆசிரியர்களை இருத்தியே கொண்டுபோனோம்.

நடைபவனிக்கு மிக முக்கியம் வேகம். முதலாம் கியரில் அக்சிலேற்றரைத் தொடாமல் விட்டாலும் வண்டி பிள்ளைகளை முந்திவிடும். கிளச்சை மிதித்து மிதித்து ஓட்டினால் அது எரிந்துபோகும். இந்த ஜீப்பில் லோ ரேஞ்ச் உண்டு, அதைப் போட்டால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். மணிக்கு மூன்று கிலோமீற்றர் சொச்சத்தில், நடக்கிறவனின் காலோடு காலாக வரும். ஆனால் முன் சக்கர இழுவையைப் போட்டால்தான் லோ ரேஞ்ச் விழும். கிறவல் வீதியில் பரவாயில்லை. காய்ந்த தார் வீதியில் அப்படியே வளைத்தால் கியர்பொக்ஸும் அச்சும் முறுகும். எனவே கோயிலடி வளைவுக்கு முன் நிறுத்தி, இரண்டையும் எடுத்துவிட்டு வளைத்து, நேரானதும் திரும்பப் போட்டோம். பாண்ட் குழுவிடம் முதலே சொல்லி வைத்ததால் அந்த இடத்தில் நின்று வாசித்தார்கள்.

அலங்காரத்துக்கு வருகிறேன். மெதுவாகப் போகும்போது ரேடியேற்றருக்குக் காற்று குறைவு, கிறிலில் மாலை போட்டால் பத்து லீற்றர் தண்ணீரும் கொதிக்கும். மாலையைப் பொனற்றுக்கு மேலே கட்டுங்கள். முன் கண்ணாடியை மடித்துப் பொனற்றில் படுக்க வைத்தால் வடிவுதான், ஆனால் பிறகு பொனற்றைத் திறக்க முடியாது. நாங்கள் நிமிர்த்தியே விட்டு மாவிலைத் தோரணத்தை அதில் கட்டினோம். பின்னால் இரண்டு பக்கமும் குலையோடு வாழை. குத்துவிளக்கும் கற்பூரச் சட்டியும் ஜீப்பில் ஏறவே கூடாது, பெற்றோல் தாங்கி சாரதியின் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. விளக்கை முன்னால் நடந்த பிள்ளைகள் ஏந்தி வந்தார்கள். சாரதி இடது பக்கம் இருப்பது இந்த வேலைக்கு நல்லது, ஓரத்தில் ஓடிவரும் சின்னப் பிள்ளைகள் கண்ணுக்கு நேரே தெரிவார்கள்.

முதல் நாள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஏ9இல் ஓடிப் பார்த்தோம். வண்டி எங்கும் நிற்கவில்லை. நடைபவனி அன்று எண்பதைக் கடந்த ரீச்சர் ஒருவர், நான் படித்த காலத்தில் உங்கள் அப்பப்பா இதில்தான் எங்களைச் சோதனை மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது வேறு பள்ளிக்கூடங்களும் ஜீப்பைக் கேட்கின்றன. தருவோம். மெக்கானிக் அண்ணை கூட வர வேண்டும், கிறிலை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு பொருள் இன்னும் கிடைக்கவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓயில் ஊற்றுகிற பழைய காற்று வடிகட்டி. யாருடைய வளவிலாவது கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள்.