இலவச சைக்கிளும் லாரி ட்யூபும் போதும், கிளம்பலாம்

பைக்பேக்கிங் (சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கிப் போகிற பயணம்) போக ஆசை, ஆனால் கையில் காசில்லை என்று சொல்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேரை இப்போது பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் கார்பன் சைக்கிளில் விலை உயர்ந்த பைகளை மாட்டிக்கொண்டு மலை ஏறும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அந்தச் சாமான் எல்லாம் சேர்ந்த பிறகுதான் கிளம்ப முடியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. சைக்கிளில் பாரம் கட்டி ஊர் ஊராகப் போகிற வித்தை இங்கே நம் அப்பா தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் மீன் எடுத்து, கேரியரில் பெட்டியை வைத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் தக்கலைப் பக்கம் வரை மிதித்து வந்து விற்றவர்கள் எந்தக் கம்பெனிப் பையும் வாங்கவில்லை. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) மூட்டை, தேங்காய், புல்லுக்கட்டு எல்லாம் அப்படித்தான் போனது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனித்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

சரி, முதலில் சைக்கிள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிள் பல வீடுகளில் தொழுவத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ துருப்பிடித்து நிற்கிறது, அதை வெளியே எடுங்கள். அது இல்லையா, பழைய அட்லஸ், ஹெர்குலிஸ், ஹீரோ எது கிடைத்தாலும் சரி, ஃப்ரேம் வளையாமல், வெல்டிங் விடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய பெரிய சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32 ஸ்போக்கும் பின் சக்கரத்துக்கு 40 ஸ்போக்கும் இருக்கும், பாரம் பின்னால்தான் ஏறும் என்று தெரிந்தே வைத்த கணக்கு அது, அதனால் நம்முடைய எட்டு கிலோ மூட்டை அந்தச் சக்கரத்துக்கு ஒன்றுமே இல்லை. கியர் சைக்கிள் கையில் இருந்தால் நல்லதுதான். ஆனால் மலிவான டபுள் சஸ்பென்ஷன் சைக்கிளை மட்டும் இதற்கென்று வாங்காதீர்கள், வெயிட் அதிகம், மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்ளும், கேரியர் போடவோ ஃப்ரேமுக்குள் பை மாட்டவோ இடமும் இருக்காது.

இருக்கிற காசை எதில் போடுவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணன் எனக்குச் சொன்னதையே நானும் சொல்கிறேன்: "மக்கா, பை எல்லாம் பொறவு வாங்கலாம், மொதல்ல டயர மாத்து." உருளுகிற பொருளுக்கும் நிறுத்துகிற பொருளுக்கும் முதல் காசு. ரெண்டு புது டயர், ரெண்டு ட்யூப், ப்ரேக் கட்டை, செயின், சக்கரத்தில் கோட்டம் எடுத்து ஹப்பில் புது கிரீஸ் வைக்கிற கூலி, இவ்வளவும் சேர்த்து எனக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கு அடுத்தபடி லைட்டு, பின்னால் சிவப்பு விளக்கு கண்டிப்பாக வேண்டும், தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர்தான் போவீர்கள் என்றாலும் வேண்டும். ஹெல்மெட்டையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாஞ்சில் நாட்டு வயல் பக்கமும் கடற்கரையும்தான் சமதளம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அப்படி இல்லை, தக்கலை தாண்டினால் ஒரு இறக்கம் ஒரு ஏற்றம் என்று ரோடு ஓயாமல் மடங்கிக்கொண்டே போகும். கியர் இல்லாத சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருக்கும். பின்னால் உள்ள பல்சக்கரத்தை (ஃப்ரீவீல்) கழற்றிவிட்டு 22 பல் போடச் சொல்லுங்கள், செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டி வரலாம், செலவு சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. காலுக்கு வருகிற பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும், நாம் பந்தயத்துக்குப் போகவில்லை. அதற்கும் மேல் செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

இறக்கத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். பழைய சைக்கிள்களில் கம்பி ப்ரேக்கும் இரும்பு ரிம்மும், நனைந்தால் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மழையில் இறங்கும்போது ப்ரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும், வேகம் பிடித்த பிறகு அழுத்தினால் நிற்காது. மூட்டையும் ஏறியிருந்தால் இன்னும் மோசம்.

இனி பை. கனமான சாமான் கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும், ஹேண்டில்பாரில் தொங்கக்கூடாது, அங்கே கனம் ஏறினால் வண்டி திரும்பும்போது கையை இழுக்கும். டூல், தண்ணீர், பழம் எல்லாம் ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் போவதுதான் சரி. அந்த அளவுக்குப் பை கடையில் தேட வேண்டாம், ஒரு அட்டையை முக்கோணத்தில் வைத்து வரைந்து வெட்டி, ஆட்டோவுக்கு சீட் தைக்கிற குஷன் கடையில் கொண்டு கொடுத்தால் ரெக்ஸினிலேயே தைத்துக் கொடுப்பார்கள். அகலம் மட்டும் ஆறு ஏழு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், மிதிக்கும்போது முழங்கால் இடிக்கும். மேல் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் என்றால் இந்த வேலையே வேண்டாம், எல்லாம் கேரியருக்குப் போகட்டும்.

கேரியரில் கட்டுவதற்கு இலாஸ்டிக் கொக்கி வேண்டாம், ரோட்டில் ஒரு குழி வந்தால் கொக்கி தெறித்து சக்கரத்துக்குள் போகும். மீன்காரர்கள் கட்டியது பழைய லாரி ட்யூபில். பஞ்சர் கடையில் கிழிந்த ட்யூப் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள், ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, குறுக்காக ஒன்று, அதன் மேல் எதிர்க்குறுக்காக ஒன்று என்று நன்றாக இழுத்துக் கட்டினால் பிறகு அசையாது. கட்டிய மூட்டையைக் கையால் ஆட்டிப் பாருங்கள், மூட்டை மட்டும் ஆடினால் கட்டு சரியில்லை, சைக்கிளும் சேர்ந்து ஆடினால் சரி.

மழையைப் பற்றிச் சொல்லாமல் குமரியில் எதையும் பேச முடியாது, ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்கும் நனைக்கும், ஐப்பசி கார்த்திகை வடகிழக்கும் நனைக்கும். வாட்டர்புரூஃப் பைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். உர மூட்டைக்குள் இருக்கிற கனமான பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்துத் துணியை அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் ஒரு சொட்டு இறங்காது, அதை வெளியே ஒரு சாதாரண பைக்குள் வைத்துவிடுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற இடத்துக்கு மேலே மழைக்காகக் கட்டுவார்களே அந்த பாலித்தீன் ஷீட், குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் கடைகளில் கிடைக்கும், தரையில் விரிக்க அது நல்லது.

கொண்டுபோகிற சாமான் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காசும் மிச்சம். ஸ்டவ் வேண்டாம், பாத்திரம் வேண்டாம். நம் மாவட்டத்தில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு சாயாக்கடை இருக்கிறது, அங்கே ரசவடையோ பழம்பொரியோ இருக்கும், மத்தியானத்துக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும், ரெண்டு ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) எப்போதும் பையில் இருந்தால் போதும். அக்கானி (பதநீர்) இறக்குகிற காலத்தில் போனால் வழியில் வாங்கிக் குடியுங்கள், வெயிலில் மிதித்த உடம்புக்கு அதைப்போல வேறொன்று இல்லை. உடுக்க, உறங்க, போர்த்த எல்லாவற்றுக்கும் ஒரு சாரம் (லுங்கி), ஒரு துவர்த்து (துண்டு), மாற்று உடுப்பு ஒன்று, கொசுவலை. தண்ணீர் ரெண்டு லிட்டருக்குக் குறையாமல். ஒட்டுப்போடுகிற சாமான், ஒரு ட்யூப், பம்பு, ஸ்பேனர், ரெண்டு மூன்று ஸ்போக்கு. பழைய சைக்கிள் ட்யூபில் இருக்கிற வால்வுக்கு பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்க முடியாது, மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு உள்ள ட்யூப் உங்கள் ரிம்முக்குக் கிடைத்தால் அதையே போடுங்கள், ரிம் ஓட்டையை மட்டும் கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? நான் முதலில் சொல்வது சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடித்தது, அங்கிருந்தும் பெருஞ்சாணி அணையிலிருந்தும் வருகிற தண்ணீர் தோவாளை சானல், அனந்தனாறு சானல் என்று பிரிந்து வயலுக்குப் போகிறது. தண்ணீர் ஏற்றம் ஏறாது என்பதால் சானலை மலையின் இடுப்பை ஒட்டியே வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள், அதனால் அந்தக் கரை ஓரத்தில் போனால், பக்கத்து ரோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஏறக்குறைய சமமாகவே போவீர்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கு இதைவிட நல்ல பாதை இந்த மாவட்டத்தில் நான் பார்க்கவில்லை. சில இடம் தார், சில இடம் வெறும் மண், சில இடம் புதர் மூடி இறங்கித் தள்ள வேண்டி வரும். தடுப்புச்சுவர் இருக்காது, இருட்டிய பிறகு போகாதீர்கள், மழை பெய்த மறுநாள் களிமண் டயரைப் பிடித்துக்கொள்ளும், அன்றைக்கும் வேண்டாம்.

ஒரு ராத்திரி தங்கி வருகிற முதல் பயணத்துக்கு, நாகர்கோவிலில் இருந்து தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் வழியாக திற்பரப்பு, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலையில் நேரத்தே கிளம்பினால் அவசரமே இல்லை, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கலாம், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு விலகிப் போகலாம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைத் தாண்ட வைக்கிற பாலம் அது, 1966இல் கட்டியது, சானல்கரையில் சைக்கிள் ஓட்டியவர்கள் அதன் மேலே நடந்து பார்த்தால் பள்ளத்தில் இறங்காமல் தண்ணீரைக் கடத்த எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். திற்பரப்பிலோ குலசேகரத்திலோ சாதாரண ரூம் எடுத்துத் தங்கிவிட்டு மறுநாள் வேறு வழியில் திரும்புங்கள்.

டென்ட் போடுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு, இந்தப் பக்கம் கீரிப்பாறை, காளிகேசம் எல்லாம் காடு, யானை நடமாட்டம் உள்ள இடம், அனுமதி இல்லாமல் அங்கே ராத்திரி தங்கக்கூடாது, தங்குவது தைரியமும் இல்லை. கடற்கரையில் மணல் சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், ஆனால் வள்ளமும் வலையும் இருக்கிற தொழில் செய்கிற இடம், ஊர்க்காரர்களிடம் கேட்காமல் படுக்கக்கூடாது. பங்குத்தந்தையிடமோ கோயில் பொறுப்பில் இருப்பவர்களிடமோ இருட்டுவதற்கு முன்பே போய், எந்த ஊர், எங்கே போகிறேன் என்று சொல்லிக் கேட்டால் ஒரு வராந்தா கிடைத்துவிடும், கிடைக்காவிட்டாலும் யாரைக் கேட்க வேண்டும் என்றாவது சொல்லி அனுப்புவார்கள். தனியாகப் போகிற பெண்களுக்கு முதல் சில பயணம் சொந்தக்காரர் வீடோ தோழி வீடோ வழியில் வருகிற மாதிரி திட்டம் போடுவதுதான் என் யோசனை, நம் மாவட்டம் சிறியது, ஒரு சித்தியோ மாமியோ எந்தப் பக்கமும் இருப்பார்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும். தோவாளையில் பூ மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகும்போது மிதிக்காமலே பறப்பீர்கள், திரும்பும்போது தலையைக் குனிந்து மிதித்தாலும் வண்டி நகராது. அந்த மாதங்களில் எதிர்காற்றுப் பகுதியை விடியற்காலத்திலேயே முடித்துவிடுவது மாதிரி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழையும் குறைவு, காற்றும் குறைவு, ஆரம்பிக்க அதுவே நல்ல காலம்.

ரெண்டாவது பயணத்துக்கு மேற்குக் கடற்கரைச் சாலை: தேங்காய்ப்பட்டணத்தில் தொடங்கி குளச்சல், மண்டைக்காடு, முட்டம், ராஜாக்கமங்கலம், மணக்குடி, அப்படியே கன்னியாகுமரி. ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் பஞ்சர் ஆனாலும் பயமில்லை, பைக் பஞ்சர் கடையில் சைக்கிள் ட்யூபும் ஒட்டித் தருவார்கள். மணக்குடி பாலத்தில் நின்று பழையாறு கடலில் சேர்வதைப் பாருங்கள், 2004 சுனாமி அங்கிருந்த பாலத்தையே அடித்துக்கொண்டு போனது, இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. இந்தப் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் குளிக்கப் போக வேண்டும், உப்புக்காற்று ஒரே ராத்திரியில் செயினைச் சிவப்பாக்கிவிடும். அப்படியே பின் சக்கரத்து ஸ்போக்கை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக வருகிறது என்றால் அது தளர்ந்திருக்கிறது, அடுத்த பயணத்துக்கு முன் கடையில் கொடுத்து முறுக்கிக்கொள்ளுங்கள்.