37 டிகிரி சூட்டில் எடுக்க வேண்டிய ரத்தம்

குளிர்ந்தால் படிந்துவிடும் ஒரு ரத்தப் புரதத்தைத் தேடும் கிரையோகுளோபுலின் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? ரத்தம் கொடுக்கக் கையை நீட்டும் முன் லேபில் இதைக் கேட்டுவிடுங்கள்: "சாம்பிளை 37 டிகிரி சூட்டிலேயே வைத்திருப்பீர்களா? சீரத்தை இங்கேயே பிரிப்பீர்களா?" சீரம் என்றால் ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர். தெளிவான பதில் வராவிட்டால் அங்கே கொடுக்க வேண்டாம். இது சரியாக நடக்காததால் என் நோய் பிடிபடாமல் ஒரு குளிர்காலம் முழுக்கக் கழிந்தது. இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஏற்காடு. காபி எஸ்டேட் ஒன்றில் கணக்கு வேலை. பழம் பறிக்கும் மாதங்களில் மூட்டைகளை எடை போடும் இடத்தில் சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு சீசனில் முழங்காலுக்குக் கீழே சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள் கிளம்பின. அரிப்பு கிடையாது, லேசான எரிச்சல் மட்டும். சில நாளில் மங்கிப் பழுப்புக் கறையாகிவிடும், அப்புறம் பக்கத்திலேயே புதிதாக வரும். கூடவே கை மூட்டுகளில் வலி, ஆளை உட்கார வைத்துவிடும் அசதி. காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுத்து நீலம் பாரிக்கும். "மார்கழியில மலையில யாருக்குத்தான் விரல் விறைக்காது" என்றார்கள். பூச்சிக்கடி என்றார் ஒருவர், அலர்ஜி என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு களிம்பு.

அஸ்தம்பட்டியில் இருக்கும் என் தங்கைதான் காலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் ஒரு கண்ணாடித் துண்டைப் புள்ளிமேல் வைத்து அழுத்தினார். நிறம் மறையவில்லை. "இது அலர்ஜித் தடிப்பு இல்லைங்கம்மா. ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிஞ்சிருக்கு" என்றார். தோலில் சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். சிறு ரத்தக்குழாய்களில் அழற்சி என்று முடிவு வந்தது. அங்கிருந்து மூட்டு நோய்களையும் இந்த மாதிரி அழற்சி நோய்களையும் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் எழுதிய பட்டியலில் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்புப் பொருள், சி3, சி4 என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இவற்றோடு கிரையோகுளோபுலினும் இருந்தது. நாங்கள் போன கலெக்‌ஷன் சென்டரில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, ஐஸ் ஜெல் வைத்த பெட்டியில் போட்டு வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். பல டெஸ்ட்டுகளுக்கு அது சரியான முறையாகவே இருக்கலாம். இந்த டெஸ்ட்டுக்கு மட்டும் அது ஆகாது. கிரையோகுளோபுலின் என்பது உடம்புச் சூட்டில் கரைந்தே இருக்கும், குளிர்ந்தால் படிந்துவிடும். சீரத்தைப் பிரிப்பதற்கு முன்பே ரத்தம் குளிர்ந்தால் அந்தப் புரதம் படிந்து, உறைந்த ரத்தத்தோடு அடியில் போய்விடும். மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எனக்கு ரிப்போர்ட் "நெகட்டிவ்" என்று வந்தது.

டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். "சி4 இவ்வளவு இறங்கியிருக்கு. ருமட்டாய்டு ஃபேக்டர் ஏகத்துக்கு ஏறியிருக்கு, ஆனா முடக்குவாதத்துக்கான ஆன்டி சிசிபி இல்லை. கால்ல இந்தப் புள்ளி வேற. இந்த நெகட்டிவை நான் நம்பலைங்கம்மா, ரத்தத்தை வெச்சிருந்த விதம் தப்பா இருக்கும்." தாளை நம்பாமல் நோயாளியின் காலை நம்பிய அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். 1966-ல் மெல்ட்சர் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் இந்த நோயின் அடையாளமாக மூன்றைச் சேர்த்து எழுதினார்களாம்: ஊதாப் புள்ளி, மூட்டு வலி, பலவீனம். என்னிடம் மூன்றும் இருந்தன.

இரண்டாம் தடவை சொந்தமாக லேப் வைத்திருக்கும் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். முன்கூட்டியே போன் செய்து நாள் குறிக்கச் சொன்னார்கள். கொழுப்பு கலந்தால் சீரம் கலங்கலாகத் தெரியும் என்பதால் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். சிரிஞ்சையும் டியூபையும் இன்குபேட்டரில் சூடேற்றி வைத்திருந்தார்கள். எடுத்த ரத்தம் நேராக 37 டிகிரி தண்ணீர் ஊற்றிய ஃபிளாஸ்க்குக்குள் போனது, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். அதே சூட்டில் ரத்தம் முழுசாக உறையும்வரை வைத்து, சூடான சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி சீரத்தைப் பிரித்த பிறகுதான் அதை ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைப்பார்களாம். ஒரு வாரம் வரை காத்திருக்க வேண்டும். சில வகை ஒரே நாளில் படிந்துவிடும், சில வகைக்குப் பல நாள் ஆகும். அதனால் மறுநாளே ரிசல்ட் கேட்டு நச்சரிப்பதில் அர்த்தமில்லை.

டெக்னீஷியன் தம்பி பொறுமையாகச் சொன்னார்: "உங்க ஊர்ல தேங்காய் எண்ணெய் உறையுமில்லைங்களா, திரும்பச் சூடு காட்டினா உருகிடும். அதே மாதிரி இதையும் திருப்பி 37-க்குக் கொண்டுவந்து கரையுதான்னு பார்ப்போம். கரைஞ்சாத்தான் அது கிரையோகுளோபுலின்." என் சீரத்தில் வெள்ளையாகப் படிந்தது, சூட்டில் கரைந்தது. எவ்வளவு, என்ன வகை என்றும் பார்த்தார்கள். 1974-ல் ப்ரூவே என்ற மருத்துவர் வகுத்த மூன்று வகைகளில் எனக்கு இரண்டாவது. முதல் வகை என்றால் மைலோமா போன்ற ரத்த நோய்களைத் தேட வேண்டும். இரண்டாம் வகைக்கு முதலில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸைத் தேட வேண்டும் என்றார் டாக்டர்.

தேடினார்கள், இருந்தது. 1987-ல் முதல் பிரசவத்தில் எனக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் சி வைரஸையே 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் ஏற்றிய ரத்தத்தில் அதைச் சோதிக்க வழியே இருந்திருக்காது. அந்த ரத்தம்தான் அன்றைக்கு என் உயிரைக் காப்பாற்றியது. யாரைக் குறை சொல்ல?

செய்தி வீட்டில் பரவியதும் எனக்கென்று தனித் தட்டும் தம்ளரும் வந்துவிட்டன. அது வைரஸைவிட அதிகமாக வலித்தது. டாக்டர் என் வீட்டுக்காரரையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்: சேர்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ இது ஒட்டாது, ரத்தம் வழியாகத்தான் பரவும், ரேசரும் பல் பிரஷ்ஷும் தனியாக இருந்தால் போதும். அவர்களுக்கும் டெஸ்ட் எடுத்தோம், இல்லை. அன்று ராத்திரியே என் மகள் அந்தத் தனித் தம்ளரை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

சிகிச்சை நான் பயந்த அளவுக்கு இல்லை. சோஃபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர் மாத்திரைகள், தினம் ஒரு வேளை, 12 வாரம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சி-யை அடக்கும்போது அடங்கிக் கிடந்த பி கிளம்பிவிடலாம். மருந்து முடிந்து மேலும் 12 வாரம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் வைரஸ் இல்லை. மாத்திரை சாப்பிடும்போதே புள்ளிகள் குறைந்தன. பாதத்தில் இருந்த எரிச்சலும் மரமரப்பும் மட்டும் மெதுவாகத்தான் விடுகின்றன. எனக்குச் சிறுநீரகம் தப்பியது. அது பாதிக்கப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு, ரிடுக்சிமாப், சிலருக்கு பிளாஸ்மா மாற்றுவது வரை தேவைப்படலாம்.

மலையை விட்டு இறங்கி சேலத்திலேயே தங்கிவிடலாமா என்று கேட்டேன். வேண்டியதில்லை என்றார் டாக்டர். குளிர் ரொம்பக் கடுமையாகத் தாக்குவது முதல் வகைக்காரர்களை. என் வகையில் குளிர் ஒரு காரணம் மட்டுமே, நெடுநேரம் நிற்பதும் புள்ளியைக் கிளப்பும். அதனால் எடை போடும் இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கையுறை, கம்பளி சாக்ஸ், பாத்திரம் கழுவ வெந்நீர். பைக்கின் பின்னால் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் எதிர்காற்று வாங்கிக்கொண்டு இறங்குவதை விட்டுவிட்டேன், பஸ்தான். ஆபரேஷன் எதுவும் வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், தியேட்டர் குளிரும் குளிர்ந்த டிரிப்பும் ஆகாது. சாதாரண ரத்த எண்ணிக்கையில்கூடக் கவனம் வேண்டும். குளிர்ந்த சாம்பிளில் படியும் துகள்களை மெஷின் வெள்ளணு என்றோ தட்டணு என்றோ எண்ணிவிடலாம். எனக்கு ஒரு தடவை அப்படி ஏறிக் காட்டியது, சாம்பிளைச் சூடாக்கி மறுபடி ஓட்டியதும் சரியான எண் வந்தது.

வைரஸ் போய்விட்டது, ஆனால் கிரையோகுளோபுலின் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பலருக்கு இப்படித்தானாம், சிலருக்கு அறிகுறிகள் திரும்பவும் வரலாம். இந்தப் புரதத்தைச் செய்யும் பி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் சிலருக்கு லிம்போமா என்ற புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் கண்காணிப்பை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சி4, சிறுநீர், கல்லீரல் எல்லாம் அவ்வப்போது பார்க்கிறோம். கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணமில்லாத எடைக் குறைவு, ராத்திரி வியர்வை, நுரைத்த சிறுநீர், கால் வீக்கம், இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்கி வரச் சொல்லியிருக்கிறார்.