நீ ஊர்ல இல்லாட்டி?

"நீ ஊர்ல இல்லாட்டி யாரு பாப்பாங்க தம்பி?" என்றுதான் கேட்டார் குமுளி ஏலக்காய்க் கடை அண்ணன், அவர் கடையின் பில் கம்ப்யூட்டரை லினக்ஸ் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் நான் அமைத்துக் கொடுத்தபோது. "லினக்ஸ் தெரிஞ்ச யார் வேணும்னாலும் பாக்கலாம்ணே" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் குமுளியில் அந்த 'யார் வேணும்னாலும்' யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ரெய்டு என்றால் பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா பிழைக்கும்படி வைப்பது. அதைத் தனியாக ஒரு கார்டு பார்த்துக்கொள்ளலாம், லினக்ஸே பார்த்துக்கொள்ளவும் செய்யலாம். கார்டு வேண்டாம் என்றதற்கு என்னிடம் காரணம் இருந்தது. முந்தின வருஷம் கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடை. கார்டு போட்ட சர்வர், நான்கு டிஸ்க், டேட்டாவை நான்கிலும் பிரித்து எழுதும் ரெய்டு 5. நான்கு டிஸ்க்கும் நன்றாக இருக்க, கார்டு செத்துவிட்டது. வேறு கம்பெனி கார்டில் மாட்டிப் பார்த்தால் நான்கும் வெற்று டிஸ்க்காகத் தெரிந்தன. எதை எங்கே பிரித்து எழுதினோம் என்ற கணக்கை அந்தக் கார்டு தன் பாஷையில் வைத்திருந்தது. அதே மாடல் பழைய கார்டு ஒன்று சென்னையிலிருந்து வர 11 நாள். தீபாவளிக்கு முன்னால் 11 நாள்! அந்த முதலாளி அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

ஆகவே இந்த ஏலக்காய்க் கடைக்கு இரண்டே டிஸ்க், லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு, ரெய்டு 1. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் ஏறும். ரெய்டு 5-ல் போல, தொலைந்த டேட்டாவை மீட்கப் போட்டுவைக்கும் பாரிட்டி கணக்கு இதில் கிடையாது என்பதால் பிராசஸருக்குச் சுமையே தெரியாது. மெஷின் போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டிக்கொள்ளலாம். கார்டுக்குப் பாட்டரியோடு 30,000 ரூபாய்க்கு மேல் கொட்டேஷன் வந்திருந்தது, அதுவும் மிச்சம். 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் ரெய்டு (RAID) என்ற பெயரில் கட்டுரை வெளியிட்டபோது அதிலுள்ள 'ஐ'க்கு (I) 'மலிவான' என்றுதான் அர்த்தம், பிற்பாடுதான் 'தனித்தனியான' என்று ஆனது. இதையும் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

ஐப்பசியில் அந்த மலையில் இடி எப்படி என்று தெரியும்தானே. கரண்ட் போய்ப் போய் வந்தது. முதல் டிஸ்க் செத்து 19 நாள் ஆகியிருந்தது என்பதே பிற்பாடு லாக் பார்த்துத்தான் தெரிந்தது. சிஸ்டம் ஒழுங்காக மெயில் போட்டிருக்கிறது, ரூட் என்கிற அட்மின் கணக்கின், யாருமே திறக்காத பெட்டிக்கு. என் முகவரியைக் கொடுக்க மறந்திருந்தேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை, அப்புறம் போட்டுக்கலாம் என்று விட்டது. ஆனாலும் 19 நாள் ஒற்றை டிஸ்க்கில் கடை ஓடியதே, ரெய்டு எதற்காம் பின்னே?

அப்புறம் ஒரு ராத்திரி யுபிஎஸ்ஸும் தீர்ந்து மெஷின் அணைந்தது. மறுநாள் புத்தடியில் ஏலக்காய் ஏலம். காலையில் மெஷின் ஏறவில்லை. மெஷினைக் கிளப்பிவிடும் பூட் லோடரை, செத்துப்போன அந்த முதல் டிஸ்க்கில் மட்டும்தான் போட்டிருந்தேன். நான் தூத்துக்குடியில், ஒரு கல்யாணப் பந்தியில். கணக்கு பார்க்கும் சேச்சியிடம் திரையில் என்ன தெரிகிறது என்று போனில் கேட்டேன். "ஒண்ணுமில்ல சாரே, கறுப்பா இருக்கு. ஒரு கோடு மட்டும் மின்னுது."

லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் கடைக்குப் போகும்போது மணி ஐந்தரை. பென் டிரைவில் பூட் பண்ணிப் பார்த்தேன். நல்ல டிஸ்க்குக்கு 'யூ', செத்ததற்கு அடிக்கோடு என்று லினக்ஸ் காட்டும்; இரண்டு 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அடிக்கோடும் ஒரு 'யூ'வும். ஒரு பில்கூடப் போகவில்லை. "டேட்டா பூராம் பத்திரமா இருக்குண்ணே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "கார்டு போட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

கார்டு போட்டிருந்தால், முதல் டிஸ்க் செத்தாலும் மெஷின் ஏறியிருக்கும். அதற்கு முன்னாலேயே பஸ்ஸர் கத்தியிருக்கும். சிவப்பு விளக்கு எரிகிற டிஸ்க்கைச் சேச்சியே உருவிவிட்டுப் புதுசு சொருகியிருக்கலாம். இது எதையும் நான் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக் கதையைச் சொன்னேன்.

வண்டிப்பெரியாறில் ஓர் ஆபீஸில் அந்தப் பஸ்ஸர் கத்தியதும் உண்டு. "பெட்டி ராத்திரி முழுக்கக் கரைஞ்சு" என்றார் வாட்ச்மேன். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, எதில் கரைந்தது என்று கேட்டேன். மலையாளத்தில் கரைவது அழுவது. யாரோ சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, டிஸ்க்கை அப்படியே விட்டிருந்தார்கள். கார்டு பெரிசா என்ன கிழிச்சது என்று இதை நினைத்து என்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. ஆனால் அங்கேயாவது அழுதது.

இப்போது இரண்டு டிஸ்க்கிலும் பூட் லோடர் இருக்கிறது. மெயில் என் போனுக்கும் சேச்சி போனுக்கும் வரும். "எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ஒட்டிட்டுப் போ" என்றார் அண்ணன். இரண்டு பக்கம் தமிழில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். சேச்சி தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொல்லி, பக்கத்திலேயே மலையாளத்தில் எழுதி ஒட்டிக்கொண்டார். "சரிதானே, பாருங்க சாரே" என்று காட்டினார். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. சரி என்றேன்.