இறக்கத்தில் மட்டும்

2025 ஜூன் 2, திங்கள்

இடது முழங்கால் ஏறும்போது வலிப்பதில்லை, இறங்கும்போதுதான். பாடசாலையிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் கற்படிகளில் இன்றும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் அருகே கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்றே இறங்கினேன். பின்னால் வந்த தரம் எட்டுப் பிள்ளைகள் என்னைக் கடந்து ஓடாமல் மரியாதைக்காக மெதுவாக வந்தது வலியைவிடக் கூச்சமாக இருந்தது. ஏப்ரலில் சிவனொளிபாதமலைக்குப் போய், நல்லதண்ணிப் பக்கமாக 5,000க்கும் மேற்பட்ட படிகளை இறங்கி வந்த மறுநாள் தொடங்கியது இது. கூட வந்த எல்லோருக்கும்தான் கால் வலித்தது. அவர்களுக்கெல்லாம் ஒரு வாரத்தில் விட்டுப்போயிற்று. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னால், "ஐம்பதைத் தாண்டினால் அப்படித்தான் டீச்சர்" என்கிறார்கள். வலது காலுக்கும் அதே வயதுதானே என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

நாள் முழுவதும் மழை, வலி இல்லை. மழைக்குத்தான் மூட்டு வலிக்கும் என்று அடித்துச் சொன்னவர்கள் இன்று வாய் திறக்கவில்லை.

ஜூன் 7, சனி

தோட்ட வைத்திய நிலையத்துக்குப் போனேன். டாக்டரையா முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், பனடோலும் பூசுவதற்கு ஒரு களிம்பும் எழுதினார், இரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டும் கொடுத்தார். விழுந்தேனா, மூட்டு எப்போதாவது வீங்கியதா, காய்ச்சல் இருந்ததா, இரவில் வலி எழுப்புகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "காலையில் எழும்பும்போது மூட்டு விறைத்துப்போய் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு நேரம்?" என்று கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. விறைப்பு இருக்கிறது; நேரத்தை யார் பார்த்தார்கள்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் தன் கால்களை நீட்டிக்கொண்டு, "எறக்கத்துல வலிக்குதுன்னா சும்மா இல்ல புள்ள, எனக்கும் மொதல்ல எறக்கத்துலதான் புடிச்சிச்சு" என்றார். அம்மா கொழுந்து பறித்த மலைகள் எல்லாம் சரிவுகள். பின்னால் கூடை, இடுப்பில் படங்கு, நிறுவைக்கு நேரமானால் குறுக்குப் பாதையில் இறக்கம். இப்போது அவருடைய இரண்டு முழங்கால்களும் வெளிப்புறமாக வளைந்திருக்கின்றன. நிற்கும்போது நடுவில் ஒரு கை நுழையும்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

காலை விறைப்பைக் கணக்குப் பார்ப்பதே இப்போது என் வேலையாகிவிட்டது. கண் விழித்ததும் கைப்பேசியில் நேரத்தைப் பார்க்கிறேன், காலைக் கீழே வைக்கிறேன், துருப்பிடித்த கீல் மாதிரி அசைய மறுக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போகிறேன். கேத்தல் கொதிப்பதற்குள் விட்டுவிடுகிறது. பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நிமிடங்களுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் சித்தி. அவருக்கு விறைப்பு விட முற்பகல் ஆகும்; விரல்கள் கோணிப்போய், பொத்தான் போடக்கூட முடியாமல் இருந்தார். அது ருமட்டொயிட் ஆத்ரைட்டிஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய். அதில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்கு மேல், பலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வரும் விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். எனவே ஒவ்வொரு நாளும் கேத்தலுக்கும் என் முழங்காலுக்கும் ஒரு போட்டி நடக்கிறது. இதுவரையில் முழங்கால் முந்திக்கொள்கிறது.

ஜூன் 11, புதன்

இன்று கேத்தல் முந்திவிட்டது. அடுப்பில் எரிவாயு நன்றாக எரிந்ததும் காரணமாக இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., அத்தோடு ருமட்டொயிட் காரணி, யூரிக் அமிலம் எல்லாமே வழமையான அளவில். நிம்மதியாக இருக்க வேண்டும். இருந்தேன், ஒரு மணி நேரம். பிறகுதான் உறைத்தது, இந்தத் தாள் எனக்கு என்ன இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. அழற்சி நோய்க்கும் யூரிக் அமிலப் படிவுக்கும் சாத்தியம் குறைவு என்கிறது, அவ்வளவுதான். ருமட்டொயிட் காரணி இல்லாமலேயே அந்த நோய் சிலருக்கு வருவதும் உண்டாம். மூட்டுத் தேய்வை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை என்று ஒன்று நடைமுறையில் இல்லவே இல்லை என்று டாக்டரையா சொன்னபோது நான் நம்பாததுபோல் பார்த்திருக்க வேண்டும். "கண்டியில் வாதநோய் நிபுணர் ஒருவரைக் காட்டுங்கள், டீச்சர், கையால் பார்த்தே சொல்லிவிடுவார்" என்று கடிதம் எழுதித் தந்தார்.

கையால் பார்த்தா? கொழும்பிலிருக்கும் தம்பிக்கு அழைத்துச் சொன்னபோது அவனும் இதையேதான் கேட்டான். "அக்கா, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள், காசை நான் அனுப்புகிறேன்" என்றான்.

ஜூன் 20, வெள்ளி

நகரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மேசையில் படுக்க வைத்து எடுத்தார்கள்.

ஜூன் 21, சனி

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் காலை நீட்ட இடமில்லாமல் கண்டிக்குப் போய்ச் சேர்ந்து, எழுந்தபோது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நெடுநேரம் அசையாமல் இருந்தால் வரும் இந்தக் குறுகிய விறைப்பும் தேய்வின் அடையாளம்தான் என்பது பிறகு தெரிந்தது.

நிபுணர் நான் கொண்டுபோன படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு உடனே கீழே வைத்தார். படுத்த நிலையில் மூட்டின் மேல் உடலின் பாரம் இறங்காது, எனவே எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும், நின்ற நிலையில் எடுத்த படம் வேண்டும் என்றார். நகரத்தில் அதை ஏன் நிற்க வைத்து எடுக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, அனுப்பும் துண்டில் அப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டாவது படத்துக்கும் காசு நான்தான் கட்டினேன்.

அந்தப் படம் வருவதற்கு முன்பே அவர் பரிசோதித்து முடித்துவிட்டார். தமிழும் சிங்களமும் கலந்து பேசிக்கொண்டே முதலில் என்னை அறைக்குள் நடக்கச் சொன்னார், குந்தச் சொன்னார், கட்டிலில் படுக்க வைத்து இடுப்பைச் சுழற்றிப் பார்த்தார். முழங்காலுக்கு வந்தவரிடம் இடுப்பு எதற்கு என்று யோசித்தேன். இடுப்பு மூட்டில் உள்ள நோய் முழங்கால் வலியாகவே தெரிவதுண்டாம். புறங்கையை இரண்டு முழங்கால்களிலும் மாறி மாறி வைத்துச் சூட்டை ஒப்பிட்டார். உட்பக்கத்தை மேல்நோக்கி நீவிவிட்டு, வெளிப்பக்கத்தை அழுத்தி, நீர் திரும்பி வந்து புடைக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மூட்டுக் கோட்டின் வழியே பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனவர் உட்பக்கம் ஓர் இடத்தில் நின்றார். நான் பல்லைக் கடித்தேன். கடைசியாக முழங்கால் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டச் சொன்னார். நறநறவென்று இருந்தது. எனக்கு அது பழக்கமான ஓசை. "இங்கே கையை வையுங்கள்" என்று என் கையையே எடுத்து வைத்தபோதுதான், காதில் கேட்பதைவிட உள்ளங்கையில் அது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று கண்டேன். வலது முழங்காலில் அது ஏறக்குறைய இல்லை. இடது தொடையின் சுற்றளவை நாடாவால் அளந்து, வலதைவிட மெலிந்திருப்பதைக் காட்டினார்.

பிறகு படம் வந்தது. "கிரேட் ஒன்று" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

கிரேட் ஒன்று. 1957இல் கெல்கிரன், லோரன்ஸ் என்ற இருவர் வகுத்த அளவுகோல் அது. பூச்சியத்திலிருந்து நான்கு வரை. ஒன்று என்றால், எலும்பின் விளிம்பில் முளை அரும்பியிருக்கலாம், இடைவெளி குறைந்திருக்கிறதா என்பது சந்தேகம் என்று பொருள். திட்டமான முளை தெரிந்தால்தான் இரண்டு. வழக்கமாக இரண்டிலிருந்துதான் படத்தின்படி நோய் என்று எண்ணுவார்கள். அதாவது நான் இன்னும் படத்தின் வாசலுக்குள் போகவில்லை. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழுவதே இல்லை. எலும்புகளுக்கு நடுவில் தெரியும் வெற்றிடத்தை வைத்து அதை ஊகிக்கிறார்கள். இல்லாத ஒன்றின் நிழலைப் பார்த்து என் முழங்காலுக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று நேற்று பஸ்ஸில் வரும்போது முழுவதும் மனம் புழுங்கியது.

ஆனால் அவர் சொன்னதை மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். 45 வயது அல்லது அதற்கு மேல், நடமாட்டத்தோடு வரும் வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணிக்கு மேற்படாது: இவை மூன்றும் இருந்து வேறு நோய்க்கான அறிகுறி இல்லையென்றால், படமே எடுக்காமல் தேய்வு என்று முடிவு செய்யலாம் என்பது பிரித்தானிய வழிகாட்டல். படம் அவருக்குத் துணைச் சாட்சி மட்டும்தான். எம்.ஆர்.ஐ. பற்றித் தம்பி சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அதற்கு அவர் 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார்: எக்ஸ்ரேயில் தேய்வே தெரியாத, 50 வயதைக் கடந்த 710 பேரை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது 89 வீதத்தினருக்கு ஏதாவதொரு மாற்றம் தெரிந்தது. வலி இல்லாதவர்களிலும் ஏறத்தாழ அதே அளவு. "உங்களுக்கும் ஏதோ ஒன்று தெரியும் டீச்சர். அதை வைத்து நான் என்ன செய்வது?" மூட்டு சிக்கி நின்றாலோ, திடீரென்று வீங்கினாலோ எடுக்கலாம் என்றார்.

தம்பிக்கு இதைச் சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் நேற்று வரை இருக்கவில்லை. தவிரவும், என்னுடைய "இறக்கத்தில் மட்டும்" என்ற ஒரு வரியை அவர் ஆரம்பத்திலேயே தாளில் எழுதி அடிக்கோடிட்டதை நான் கவனித்திருந்தேன். அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டதும் இதையேதான் சொல்கிறது: தேய்வு வரக்கூடியவர்களுக்கு மற்ற வேலைகளுக்கெல்லாம் முன்னதாக, படி ஏறி இறங்கும்போதுதான் வலி தலைகாட்டுகிறது.

ஜூன் 25, புதன்

அம்மாவுக்கும் முதலில் இறக்கத்தில்தான் பிடித்தது. அதை அவர் கங்காணியிடம் சொன்னார், கங்காணி வேலைக்குக் கள்ளம் என்றார். லயத்தில் சொன்னார், நொச்சியிலை ஒத்தடமும் கோடாலித் தைலமும் கிடைத்தன. யாரும் கட்டிலில் படுக்க வைத்துச் சில்லின் மேல் கையை வைக்கவில்லை. படமோ ஸ்கேனோ வேண்டாம், ஒரு கேள்வியும் ஓர் உள்ளங்கையும் போதுமாக இருந்த ஒரு காலம் அவருக்கும் இருந்திருக்கிறது, அது பெயரில்லாமலே கழிந்து போனது. இன்று எழுத வேறெதுவும் இல்லை. கோபமாக இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

பிசியோதெரபிப் பயிற்சி: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துவாயை வைத்து அழுத்திப் பிடிப்பது, காலை நீட்டியபடி உயர்த்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. முன்தொடைத் தசை மெலிந்தால் இறக்கத்தில் தாங்க வேண்டிய பாரத்தை மூட்டே தாங்க நேர்கிறது. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறையும் என்றும் சொன்னார்கள். தேங்காய் ரொட்டியைப் பார்த்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, சனி

கேத்தல், ஆறு நிமிடம்.

ஜூலை 10, வியாழன், எசல போயா

அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். "எனக்கு இனி எதுக்கு புள்ள, பேரு வச்சு என்ன பண்றது" என்றார். வளைந்த காலுக்கும் பயிற்சியும் ஊன்றுகோலும் மருந்தும் உண்டு, முற்றிப்போனால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையும் உண்டு என்றேன். யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிக்கிறேன் என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம். ஆனால் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, அவராகவே பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஜூலை 14, திங்கள்

பாடசாலைப் படியில் நான்காவது கல்லில் முழங்கால் ஒரு கணம் சிக்கி நின்று, பிறகு சொடக்கென்று விடுபட்டது. வலி இல்லை. வீக்கம் இருக்கிறதா என்று வகுப்பில் மேசைக்கடியில் தடவித் தடவிப் பார்த்தேன். நீவி அழுத்தும் அந்த முறை எனக்குச் சரியாக வரவில்லை. சிக்கினால் சொல்லச் சொன்னார், ஒரு தடவை சிக்கினாலுமா, அடிக்கடி சிக்கினாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாளை இடைவேளையில் அழைத்துக் கேட்க வேண்டும்.