மாமாவின் தோளில் ஒரு கை

அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, குவைத்தில் இருக்கும் மாமாவுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. குரூப் போட்டோ கைக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டு, "என் தம்பி இல்லாத போட்டோவ இந்த வீட்டுச் சுவத்துல மாட்ட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஸ்டுடியோவில் கேட்டால் ஆளைச் சேர்க்கத் தனிக் காசாம். நமக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே (எக்செல் தெரியும்) என்ற தைரியத்தில், ஓசியில் கிடைக்கிற கிம்ப் என்ற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது.

வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் நசுங்கிப் போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று மாமாவுக்குப் புரியவைக்கவே இரண்டு நாள். வந்து சேர்ந்தது கடற்கரையில் வெயிலில் எடுத்த படம், அதில் ஒரு நண்பர் வேறு அவர் தோளில் கை போட்டபடி நிற்கிறார். சரி, நண்பரை வெட்டிவிடலாம்.

லேயர் என்றால் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி, அது புரிந்துவிட்டது. லேயர் மாஸ்க்தான் படுத்தியது. அதில் கறுப்பு அடித்த இடம் மறையும், வெள்ளை அடித்தால் திரும்பி வரும், எதுவும் அழிவதில்லை. மாமாவைப் பின்வரிசையில் நிறுத்தினால் கால் ஒட்ட வேண்டியதில்லை, முன்வரிசைக்காரர்கள் மேல் அவர் விழுகிற இடத்தை மட்டும் மறைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு, மாஸ்க்கைச் சொடுக்குவதற்குப் பதில் லேயரையே சொடுக்கிவிட்டுப் பிரஷ்ஷை ஓட்டினேன். மாமா மூஞ்சியில் கரி. அந்த நேரம் பார்த்து காபி கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, காபியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது வாரம் ஜேபெக்காக மட்டும் சேமித்துவிட்டு மூடித் தொலைத்தேன். கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பில்தான் லேயர்கள் தனித்தனியாக இருக்குமாம், ஜேபெக் எல்லாவற்றையும் ஒரே தோசையாக வார்த்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அளவைக் குறைக்கும்போது அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கட்டும் அந்தக் குட்டிச் சங்கிலியைப் பூட்டாமல் விட்டதில் மாமா அரிசி மூட்டையானார். தலைமுடியை வெட்டி எடுப்பதுதான் கஷ்டம் என்பார்கள், மாமா விஷயத்தில் கடவுள் அந்த வேலையைப் பாதி முடித்துவைத்திருந்தார்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. மாமா முகத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது, மண்டபத்திலோ விளக்கு வலப்பக்கம். எனவே ஆளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி புரட்டிப் போட்டேன். சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டது, யார் பார்க்கப்போகிறார்கள்? அப்புறம் விளக்கு மஞ்சளை அவர் மேல் கொஞ்சம் ஏற்றி, அவரையே நகலெடுத்துக் கறுப்பாக்கி, மங்கலாக்கி, அடியில் இருப்பதை இருட்டாக்கிக் காட்டும் மல்டிப்ளையில் போட்டு நிழலும் வைத்தேன். 1857இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரைலாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்க ஆறு வாரம் ஆனதாம். எனக்கு ஒரே ஒரு மாமாவுக்கு மூன்று வாரம். ரைலாண்டருக்கு, செய்த தப்பைத் திருப்பிக்கொள்ளும் கண்ட்ரோல் இசட் வசதி கூடக் கிடையாது.

பிரிண்ட் போட்டு, ஃபிரேமும் போட்டு, வீட்டு வாட்ஸப் குரூப்பிலும் போட்டாயிற்று. பத்து நிமிடத்தில் தங்கை கேட்டாள்: "அண்ணா, மாமா தோள்ல இருக்கிற கை யாருது?"

நானூறு சதவீதம் பெரிதாக்கி ஓரங்களையே செதுக்கிக்கொண்டிருந்தவனுக்கு முழுப் படத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. நண்பரை வெட்டினேன், கையை விட்டுவிட்டேன். நான் புரட்டிப் போட்டதில் அந்தக் கை, பக்கத்தில் நிற்கிற அத்தை மாமா முதுகைச் சுற்றிப் போட்டது மாதிரியே அமைந்துவிட்டது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது மாமா, அத்தை உட்கார்ந்த பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது. அன்றிலிருந்து எட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பின்வரிசையில் அத்தை பக்கத்தில் இடம் காலியாக இருந்ததே என்று நிறுத்தினேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

நான் படத்தை அழிப்பதற்குள் மாமா பார்த்துவிட்டார். அத்தைக்குக் கோபம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோய், குவைத்திலிருந்து நேராக அத்தைக்கே போன் போட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் பேசினார்களாம், பாயசமும் பேச்சில் வந்ததாம்.

ராத்திரி அத்தை என்னைக் கூப்பிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் எடுத்தேன்.

"கையை எடுத்துடட்டுமா அத்தை?"

"வேண்டாம்டா, இருக்கட்டும். அந்த முடியையும் வாட்சையும் மட்டும் எடுத்துட்டு ரெண்டு வளையல் போட்டு விடு."