மூளைக் கட்டி ரிப்போர்ட்டில் ‘ஈஜிஎஃப்ஆர்’ என்ற வரி

“ரிப்போர்ட்டில ஈஜிஎஃப்ஆர் கூட எண்டு போட்டிருக்கு. சுவாசப்பை புற்றுநோய்க்கு அதுக்குக் குளிசை இருக்குத்தானே டொக்டர், அப்பாவுக்கு ஏன் தரேல்ல?” கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து, கோப்போடு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிற குடும்பங்கள் கேட்கிற நியாயமான கேள்வி இது. அவசரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இதற்கு இல்லை.

ஈஜிஎஃப்ஆர் என்பது கலமென்சவ்வை ஊடறுத்து நிற்கும் ஒரு வாங்கி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை ஏற்கும் புரதம். வெளியே வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு வாங்கிகள் சோடி சேர்ந்து, உள்ளே இருக்கும் வால்களில் ஒன்றுக்கொன்று பொஸ்பேற்றை ஏற்றிக்கொள்ளும். அங்கிருந்து செய்தி இரண்டு வழியாகப் போகிறது. ராஸ், ராஃப், மெக், ஈஆர்கே என்ற புரதங்களின் வழி கலத்தைப் பிரியச் சொல்லும். பிஐ3கே, ஏகேடி, எம்டோர் என்ற புரதங்களின் வழி சாகாமல் வளரச் சொல்லும். பிஐ3கே மென்சவ்வுக் கொழுப்பில் ஏற்றும் பொஸ்பேற்றைக் கழற்றுவது பீட்டென் என்ற நொதியம். ஈஜிஎஃப்ஆர் இருப்பது 7ஆம் நிறமூர்த்தத்தில், பீட்டென் 10இல். கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைக் கட்டியில் பெரும்பாலும் 7 கூடும், 10 தொலையும். எழுதுகிற கை பெருகுகிறது, அழிக்கிற கை போய்விடுகிறது.

இந்தக் கட்டிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்திலோ சற்றுக் கூடுதலாகவோ ஈஜிஎஃப்ஆர் மரபணு பெருகியிருக்கும். அவற்றில் பாதியளவில் ‘விகாரம் 3’ என்ற வடிவமும் சேர்ந்திருக்கும். மரபணுவில் 2 முதல் 7 வரையான எக்சோன்கள் (புரதத்துக்கான குறிப்புள்ள துண்டுகள்) விழுந்து, வெளிப்பகுதியில் 267 அமினோ அமிலங்கள் இல்லாமல் போன வாங்கி அது. வாசலில் ஆள் இல்லாவிட்டாலும், பொத்தான் உள்ளே இறுகிப்போன அழைப்புமணி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும்.

குளிசை தோற்பது இங்கேதான். சுவாசப்பைப் புற்றுநோயில் விகாரம் வாங்கியின் உட்பகுதியில் இருக்கும். எர்லோடினிப், ஜெஃபிடினிப் என்ற குளிசைகள் இரண்டும் அந்த உருவத்தில் நன்றாகப் பொருந்தும். மூளைக் கட்டியில் விகாரம் வெளிப்பகுதியில். அது உட்பகுதிக்குக் கொடுக்கும் உருவத்தில் இந்த மருந்துகளின் பிடி தளர்வு. குருதி–மூளைத் தடுப்பில் உள்ள பம்புகள் மருந்தை மீண்டும் வெளியே தள்ளும். பீட்டென் இல்லாத கலத்தில் மேலே அடைத்தாலும் கீழே ஏகேடி ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கலமோ பிடிஜிஎஃப்ஆர்ஏ, மெட் போன்ற வேறு வாங்கிகளில் தங்கியிருக்கலாம். எல்லாவற்றிலும் எனக்குக் கடினமாகத் தெரிவது, பெருகிய பிரதிகள் நிறமூர்த்தத்துக்கு வெளியே வட்டத் துண்டுகளாக மிதப்பது. மருந்து கொடுக்கும்போது வட்டங்கள் குறைந்த கலங்கள் தப்பும்; நிறுத்தினால் வட்டங்கள் திரும்பி வரும். விகாரம் 3ஐக் குறிவைத்த ரின்டோபெபிமுட் தடுப்பூசியும் 2016இல் ஆயுளை நீட்டவில்லை.

ஆகவே அந்த வரியை மருந்துச் சீட்டாக வாசிக்காதீர்கள். அது நோயை நிர்ணயிக்கிற வரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, வயதுவந்தவரின், ஐடிஎச் என்ற மரபணுவில் விகாரமற்ற பரவல் அஸ்ட்ரோசைட்டோமாவில் (மூளையின் தாங்குகலங்களை ஒத்த கலங்களாலான, பரவி வளரும் கட்டியில்) ஈஜிஎஃப்ஆர் பெருக்கம் இருந்தால், நுணுக்குக்காட்டியில் சாதுவாகத் தெரிந்தாலும் அது 4ஆம் தரக் கிளியோபிளாஸ்டோமாதான். பாதையை அடைத்துப் பலன் கண்ட கட்டிகளும் உண்டு: பிராஃப் மரபணுவில் வி600ஈ என்ற விகாரமுள்ள சிறுவர் கட்டிகளுக்கு டப்ராஃபெனிப்பும் ட்ரமெடினிப்பும், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயில் வரும் ஒருவகைக் கட்டிக்கு எவரோலிமஸும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது, முடிவு எந்தச் சோதனையில் வந்தது என்பதை. சாயமேற்றலில் புரதம் கூடத் தெரிவதும் மரபணு பெருகியிருப்பதும் ஒன்றல்ல; பெருக்கத்தை, ஒளிரும் குறியிட்டு மரபணுப் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் போன்ற சோதனைதான் காட்டும். ஐடிஎச் சாயம் பிடிப்பது ஆர்132எச் என்ற ஒரேயொரு விகாரத்தை மட்டும். 55 வயதுக்குக் குறைந்தவரில் அது எதிர்மறையானால் மரபணு வரிசை பார்க்கவேண்டும். பொஸ்பேற்று ஏறிய ஈஆர்கேயைக் காட்டும் சாயத்தை நான் அதிகம் நம்புவதில்லை. இழையம், அதைப் பதப்படுத்தும் ஃபோர்மலினுக்குள் போகத் தாமதமானால் அந்தப் பொஸ்பேற்று கழன்றுவிடும், பாதை ஓய்ந்திருப்பதுபோலத் தெரியும். இழையத்தைப்போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத நடுநிலை ஃபோர்மலினில் 6 முதல் 72 மணித்தியாலம் வரை இருக்கவேண்டும்.

வேறு இடத்தில் சோதிக்கப் போகிறீர்களா? ரிப்போர்ட்டோடு, இழையம் பதித்த பரஃபின் கட்டையையும் கேட்டு வாங்குங்கள். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் மட்டும் வைத்துவிட வேண்டாம், அது மெழுகு.